அந்த நாலு பேர் யார்?

சேலம் அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் ஒரு தகப்பனார் இப்படிக் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். இன்ஸ்டாகிராமில் அவளுக்கு இரண்டு ஐடி இருப்பது போன வாரம்தான் தெரிந்தது. ஒன்றில் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிறோம். கோயில், பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா என்று எங்களோடு எடுத்த படங்களைப் போடுவாள். இன்னொன்றில் அவள் பேச்சும் சிரிப்பும் யாரோ ஒரு பெண்ணுடையது மாதிரி இருக்கிறது. இதில் எது என் மகள்? ஆன்லைனில் பழகினால் பிள்ளைகளின் குணமே மாறிவிடுமா?"

அண்ணா, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் உங்கள் மகள்தான். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். சேலத்தில் 20 வருடத்துக்கு மேலாகக் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சமூகவியல் நடத்துகிறேன். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆர்க்குட் பார்த்த பிள்ளைகளையும் பார்த்தேன், மேசைக்கு அடியில் ரீல்ஸ் தள்ளுகிற பிள்ளைகளையும் பார்க்கிறேன். அந்த அனுபவத்தையும், இதைப் பற்றி ஆய்வு செய்தவர்கள் கண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆடிப் பண்டிகைக்கு நம் ஊர் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்திருப்பீர்கள். ஜோடித்த வண்டியில் ஒருவர் முருகனாக நிற்பார், இன்னொருவர் காளியாக நிற்பார். தெரு கொள்ளாத கூட்டம். சில பாட்டிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மறுநாள் போனால் அதே ஆள் வெள்ளிப் பட்டறையில் உட்கார்ந்து கொலுசு வேலை பார்த்துக்கொண்டிருப்பார். நேற்று பார்த்தது நிஜமா இன்று பார்ப்பது நிஜமா என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. வேஷத்துக்கு என்று ஒரு நாள், ஒரு தெரு, கலைத்துவிட்டு முகம் கழுவ ஒரு வீடு என்று ஊரே வகுத்து வைத்திருக்கிறது.

பதின்ம வயதில் பிள்ளைகள் செய்வதும் ஒரு விதத்தில் இதுதான். நான் யார், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், எதற்குச் சிரிப்பேன், எதற்குக் கோபப்படுவேன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் இந்தத் தேடலைத்தான் அந்த வயதின் முக்கிய வேலை என்றார். நம்மையே நினைத்துப் பாருங்கள். ஒரு வருடம் கடவுளே இல்லை என்று சண்டை போட்டிருப்போம், அடுத்த வருடம் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்போம், அதற்கு அடுத்த வருடம் ஜிம்முக்குப் போய் உடம்பைத் தேற்ற நினைத்திருப்போம். யாரும் அதைப் பதிவு செய்து வைக்கவில்லை. அதனால் ஒவ்வொன்றிலிருந்தும் சத்தமில்லாமல் வெளியே வர முடிந்தது. உங்கள் மகளுக்கு அந்த வசதி இல்லை. ஒன்பதாம் வகுப்பில் பேசிய அசட்டுப் பேச்சு ஒரு தோழியின் போனில் ஸ்கிரீன்ஷாட்டாகக் கிடக்கும். கல்லூரி முதல் வருடம் சேர்ந்தவுடன் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக அழிக்கிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். வேறு ஆளாக வளர்ந்துவிட்ட பிறகும் பழைய ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது அவர்களுக்கு.

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டுக் கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். சமூக நெறி என்று நான் வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குவது இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. ஆனால் நம் காலத்து நாலு பேருக்கு முகம் இருந்தது. எதிர்வீட்டு அக்கா, பெரியப்பா, டியூஷன் வாத்தியார், மளிகைக் கடைக்காரர். அவர்கள் சொன்னது சரியோ தப்போ, சொன்னது யார் என்று தெரியும். ஈரோட்டுக்குப் பஸ் ஏறிவிட்டால் அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. இரவு கதவைச் சாத்தினால் அந்த நாலு பேரும் வெளியே போய்விடுவார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானது. 2020 ஊரடங்கில் பாடத்துக்காகப் பள்ளிப் பிள்ளைகள் கையிலும் போன் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்து நாலு பேரைத் தலையணைக்கு அடியில் கொண்டுவந்து வைத்துவிட்டன. இப்போது அவர்கள் நாலு பேரும் இல்லை, நாலாயிரம் பேர். அதில் யாரை முன்னால் நிறுத்துவது, யாரைப் பின்னால் தள்ளுவது என்று பிள்ளையும் தீர்மானிப்பதில்லை, நீங்களும் தீர்மானிப்பதில்லை. யார் பதிவைப் பார்த்தால் விரல் நிற்குமோ அதைக் கணக்குப் பார்த்து ஒரு கணினி நிரல் தீர்மானிக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இடம் பொருள் ஏவல் பார்த்துப் பேசு என்று சொல்லிக்கொடுத்தது நாம்தான். அப்பாவிடம் பேசுகிற மாதிரி தோழியிடம் பேசினால் உறவு வராது, தோழியிடம் பேசுகிற மாதிரி ஆசிரியரிடம் பேசினால் அடி விழும். உங்கள் மகளின் முதல் ஐடியில் பெரியப்பா, வகுப்புத் தோழி, பக்கத்துத் தெரு பையன், சித்தியின் மாமியார் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே எந்த இடம், எந்த ஏவல் என்று பார்த்துப் பேசுவாள்? இணையத்தில் இளைஞர்கள் பழகுவதைப் பல வருடம் ஆராய்ந்த டானா பாய்ட் இந்த நிலையை, சூழல்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்துவிட்டன என்று விளக்கினார். அப்படிச் சரிந்த கூடத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒன்றைத்தான் பேச முடியும். கோயில், பிறந்தநாள், ஆண்டு விழா. மீதிப் பேச்சுக்கு உங்கள் மகள் தனியாக ஓர் அறை கட்டிக்கொண்டிருக்கிறாள். நம் தலைமுறைக்கு மொட்டை மாடி இருந்த மாதிரி. இரண்டாவது ஐடி இருப்பதைக் கண்டு நான் பயப்பட மாட்டேன். அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுதான் கேட்பேன். நேரில் பார்த்துப் பழகிய 15, 20 பேர் என்றால் அது மொட்டை மாடி. முகம் தெரியாத 800 பேர் என்றால் அது புது பஸ் ஸ்டாண்ட்.

சரி, குணம் மாறுமா என்று கேட்டீர்கள். குணத்தைவிட, எது சகஜம் என்ற அளவுகோல் சீக்கிரம் மாறுகிறது. 2016-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் லாரன் ஷெர்மன் என்பவரும் அவர் குழுவும் 13 முதல் 18 வயது வரையுள்ள 32 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, இன்ஸ்டாகிராம் போன்ற ஒரு திரையில் படங்களைக் காட்டினார்கள். ஒரே படத்துக்கு ஒரு பாதிப் பேரிடம் லைக் எண்ணிக்கையை அதிகமாகவும், மறுபாதிப் பேரிடம் குறைவாகவும் காட்டினார்கள். நிறைய லைக் இருப்பதாகப் பார்த்தவர்கள் தாங்களும் லைக் போடுவது அதிகமாக இருந்தது. தங்கள் சொந்தப் படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைக் கண்டபோது, மூளையில் பரிசு கிடைத்தால் கிளர்கிற பகுதி கிளர்ந்தது. என்னை யோசிக்க வைத்தது அடுத்த பகுதி. குடி, புகை மாதிரியான படங்களைப் பார்க்கும்போது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் மூளைப் பகுதிகளின் வேலை குறைந்திருந்தது. அதே படங்களுக்கும் லைக் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் அதிகம் பேர் லைக் போட்டார்கள். ஒரு செயல் சரியா தப்பா என்று யாரும் அவர்களுக்குப் பேசிப் புரியவைக்கவில்லை. கீழே இருந்த ஓர் எண் போதுமானதாக இருந்தது.

இதை ஏற்காடு மலைப்பாதையில் வைத்துப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிவாரத்தில் நின்றால் தெரியும், ஹெல்மெட்டில் கேமரா மாட்டிய பையன்கள் வரிசையாக ஏறுவார்கள். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டீன்பெர்க் இருவரும் 2005-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கார் ஓட்டும் கணினி விளையாட்டைச் சிலரைத் தனியாகவும், சிலரை நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போதும் விளையாட வைத்தார்கள். நண்பர்கள் பார்க்கும்போது பதின்ம வயதினர் எடுத்த அபாயம் கணிசமாக ஏறியது. 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. அந்த ஆய்வில் பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டே நண்பர்கள். நம் பையன்கள் பின் சீட்டில் மொத்த ஃபாலோயர்களையும் ஏற்றிக்கொண்டு வளைவில் சாய்கிறார்கள். தனியாக ஏறும்போது அதே பையன் ஒழுங்காக ஹாரன் அடித்துத்தான் திரும்புவான். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நெறியை யார் வகுக்கிறார்கள் என்பதில் வர்க்கமும் இருக்கிறது. இதைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகவே பேசுவேன். டிக்டாக் இருந்த காலத்தில் தறிக்காரர், ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்க்கிற அக்கா, லாரிப் பட்டறைப் பையன் என்று யார் வேண்டுமானாலும் ஆடினார்கள், பாடினார்கள். நடிக்க முடியும் என்று தனக்கே தெரியாத ஆட்கள் நடித்தார்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது அதுவும் போனது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது. இடம் மாறியதும் பார்வை மாறியது. அதே ஆட்டத்துக்கு 'கிரிஞ்ச்', அதாவது பார்க்கவே கூசுகிறது, என்று பெயர் வந்தது. முடிக்குக் கலர் அடித்த ஏழை வீட்டுப் பையன் 'புள்ளிங்கோ' ஆனான். அதே கலர் வசதியான ஃபேர்லேண்ட்ஸ் பகுதிப் பையன் தலையில் இருந்தால் ஸ்டைல். என் வகுப்பிலேயே ஒரு மாணவி, அம்மாவோடு சேர்ந்து ஆடிய பழைய வீடியோவை யாரோ தேடி எடுத்துக் குழுவில் போட்டுச் சிரித்ததற்காக ஒரு வாரம் கல்லூரிக்கு வரவில்லை. அந்த வீடியோவில் தப்பாக ஒன்றுமே இல்லை. அடுக்களை, பழைய நைட்டி, அம்மாவின் சிரிப்பு. அதற்குத்தான் வெட்கப்பட வைத்தார்கள். அப்பா அம்மாவின் வேலை, வீட்டுச் சுவர், நம் சேலத்துப் பேச்சு எல்லாவற்றையும் ஒளிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கற்றுக்கொள்வது இப்படித்தான். உங்கள் மகள் உங்களைத் தன் பதிவில் காட்டுகிறாள் என்றீர்களே, அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாதியும் இதே வழியில்தான் வருகிறது. 2015-ல் நம் மாவட்டத்தைச் சேர்ந்த, பொறியியல் படித்த இளைஞர் ஒருவர் வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காகக் கொல்லப்பட்டார். முக்கியக் குற்றவாளி தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை விட்டுக்கொண்டிருந்தார். போலீஸ் தேடுகிற ஆளின் குரல் கைக்குக் கை போனது. அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2022-ல். இடைப்பட்ட வருடங்களில் எத்தனை பையன்கள் அந்தக் குரலைக் கேட்டு 'கெத்து' என்று பழகிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. 200 பேர் இருக்கிற குழுவில் 10 பேர் கத்துவார்கள், மீதிப் பேருக்குப் பிடிக்காவிட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த மௌனத்தைப் பார்க்கிற 16 வயதுப் பையன், எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வான். எலிசபெத் நோயல் நோய்மன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1970-களில் இதற்கு 'மௌனச் சுழல்' என்று பெயர் வைத்தார். 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம் எல்லாவற்றையும் தடை செய்யச் சொன்னது. நல்ல பரிந்துரை. ஆனால் கயிற்றை வாசலில் கழற்றிவிட்டு வருகிற பையனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதே நிறம், அதே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

நல்லதும் நிறைய இருக்கிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியது போலவே சேலத்திலும் பிள்ளைகள் கூடினார்கள். தலைவர் என்று யாரும் இல்லாமல், போனில் வந்த செய்தியை வைத்தே வந்தார்கள். குப்பையையும் அவர்களே பொறுக்கினார்கள். கோரிக்கையைப் பற்றி அவரவருக்கு அவரவர் கருத்து இருக்கலாம். முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் பார்த்து ஒழுங்காக நடந்துகொள்ளக் கற்ற நாட்கள் அவை.

சேர்வராயன் மலைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வருடம் முழுக்க வகுப்பில் வாயே திறக்கவில்லை. மலையாளி என்று பெயர் கொண்ட நம் மலைப் பழங்குடி வீட்டுப் பிள்ளை, அவன் பேச்சைக் கேட்டு யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயம். சிக்னல் கிடைக்கிற பாறையில் உட்கார்ந்து வீடியோ ஏற்றுவான். காபிப் பழம் பறிப்பது, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, பலாப்பழம் அறுப்பது. முதலில் டிவிக்காரர் தமிழில் பேசினான். ஒரு நாள் பாட்டி குறுக்கே வந்து பேசியது அப்படியே பதிவாகிவிட்டது. அந்தப் பேச்சு பிடித்திருக்கிறது என்று நிறையப் பேர் எழுதினார்கள். அதற்குப் பிறகு அவனும் வீட்டுப் பேச்சிலேயே பேசினான், வகுப்பிலும் பேச ஆரம்பித்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அடுத்த வருடம் வேறு மாதிரி வந்து நின்றான். "மேடம், நான் பைக் ரிப்பேர் பற்றி வீடியோ போட்டால் யாரும் பார்ப்பதில்லை. காட்டுக்குள்ளே போய் ஏதாவது சமைத்தால்தான் பார்க்கிறார்கள். நாங்கள் வீட்டில் கேஸ் அடுப்பில்தான் சமைக்கிறோம்." எந்தக் கூட்டம் அவன் பேச்சுக்கு மரியாதை கொடுத்ததோ, அதே கூட்டம் மலைவாசி என்றால் இப்படித்தான் என்று ஒரு வண்டியில் ஏற்றி நிறுத்திவிட்டு, இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் இப்போது இரண்டையும் போடுகிறான். பைக் வீடியோவைக் கொஞ்சம் பேர்தான் பார்க்கிறார்கள். பரவாயில்லை என்கிறான்.

போன் பிள்ளைகளை மொத்தமாகக் கெடுத்துவிட்டது என்று கேட்டால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி இருவரும் 2019-ல் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பதின்ம வயதினரின் விவரங்களை அலசினார்கள். அவர்கள் மனநலத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில், திரைப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம். ஆனால் சராசரியில் சிறிதாகத் தெரிவது ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்குப் பெரிதாக இருக்கலாம். 2021-ல் வெளியே வந்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களில், தன் உடம்பைப் பற்றி ஏற்கெனவே மனக்குறை இருந்த பெண் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அதை மோசமாக்கியது என்று அவர்களே குறித்திருந்தார்கள். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைக்கத் தடை போட்டிருக்கிறது. உங்கள் மகளுக்கு 17 ஆகிவிட்டது. போனைப் பிடுங்குகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஐடியை அழித்துவிட்டேன் என்று காட்டுவாள், தோழியின் போனில் மூன்றாவது ஐடி பிறக்கும்.

உண்மையான அபாயத்தை மட்டும் தெளிவாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2016-ல் நம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண், தன் முகத்தை வேறு உடம்போடு ஒட்டிய படம் ஃபேஸ்புக்கில் வந்ததால் உயிரை விட்டார். இப்போது அப்படிப்பட்ட படத்தைச் செய்ய ஒரு செயலி போதும், கைத்திறன் கூட வேண்டாம். உங்கள் மகளுக்கு என்றில்லை, எந்தப் பிள்ளைக்கு இப்படி நடந்தாலும் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை "உன் மேல் தப்பில்லை" என்பது. எதையும் அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். 1930 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் போக்சோ சட்டமும் சேரும். அந்த வயதுப் படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச வசதி இருக்கிறது. அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, படத்தின் அடையாளக் குறி மட்டும் போகும். மனம் உடைந்திருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள்.

கடைசியாக ஒன்று. அந்த இரண்டாவது ஐடியை எப்படிப் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அவள் தூங்கும்போது போனை எடுத்துப் பார்த்திருந்தால், அதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். வேறு யார் மூலமாவது அவளுக்குத் தெரிய வந்தால், வீட்டிலும் யாரோ ஒளிந்திருந்து பார்க்கிறார்கள் என்றாகிவிடும். கோபப்படுவாள், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போங்கள், போனை நீங்களும் வீட்டில் வைத்துவிட்டு. அந்த ஐடியில் என்ன போடுகிறாள் என்று கேட்க வேண்டாம். யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேரை நேரில் தெரியும், யாராவது சங்கடப்படுத்துகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். அன்றைக்கே எல்லாம் சொல்ல மாட்டாள். அடுத்த வாரமும் கூட்டிக்கொண்டு போங்கள்.